மந்தர ஸ்தாயி

காலை ஏழு இருபது. பெர்கமோ.
பாலத்தடிச் சிக்னலில்
நானூறு குதிரைகளும் நானும்
ஒரு காய்கறி வேனுக்குப் பின்னால் நிற்கிறோம்.

கிளட்சை மிதிப்பது கிணறு இறைப்பது மாதிரி.
இடது தொடை மட்டும் தடித்துவிட்டதென்று
தையற்காரி மரிலேனா
ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள்.
முதல் கியரில் தூக்கிப் போடுகிறது
இரண்டாவதில் முனகுகிறது
மூன்றாவது எதற்கென்று
இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

சாக்கடை மூடி ஒவ்வொன்றும்
முதுகெலும்பில் ஏறித் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறது.
பள்ளிக்கூட வேகத்தடையில்
கோணலாக, நத்தையாக, மூச்சைப் பிடித்து ஏற்றுகிறேன்.
அப்படியும் முன் உதடு உரசி
கிறீச்.
சைக்கிள் பையன் திரும்பிச் சிரிக்கிறான்.

வாரம் ஒருமுறை
வைப்பரில் சீட்டு செருகியிருக்கும்:
‘காலையில் இந்தச் சத்தம் தேவையா?’
கையெழுத்து அழகு. கையொப்பம் இல்லை.

ஞாயிறு, ஐந்தரை.
சான் மார்கோ கணவாய்.
மெட்ஸோல்தோ தாண்டியும் அடக்கித்தான் ஓட்டுகிறேன்
ஆயில் சூடேறும்வரை.
பிறகு மிதிக்கிறேன்.

அதே ஸ்டீயரிங். அதே கல் சீட்.
வாரமெல்லாம் என்னைத் திட்டியது
இப்போது பேசுகிறது.
ஈரம் எங்கே, சரளை எங்கே,
தார் புதிதாகப் போட்டது எந்த இடம் என்று
விரல்நுனிக்குச் சேதி வந்துகொண்டே இருக்கிறது.
நாலாயிரம் சுற்றில்
ஜலதோஷம் விட்ட மூக்குபோல் திறக்கிறது.
ஐயாயிரம். ஆறு.
ஏழைத் தொடும்போது
வங்கித் தவணை, அண்ணனின் வழக்கு, பல்வலி
எல்லாம் பின்சீட்டுக்கு ஓடுகின்றன.
இந்தக் காரில் பின்சீட்டு கிடையாது.

பிரேக்.
எடை முழுதும் மூக்குக்கு வருகிறது.
குதிகாலால் ஒரு தட்டு, மூன்றிலிருந்து இரண்டு:
சாவி பூட்டைக் கண்டுகொண்ட சத்தம்.
கொண்டை ஊசி வளைவில்
பின்சக்கரம் அரை விரற்கடை நழுவி
நீயா நானா என்று கேட்டுவிட்டுத்
தானே ஒட்டிக்கொள்கிறது.

உண்மையைச் சொன்னால்
அதன் பலத்தில் பாதியைக்கூட நான் கேட்கவில்லை.
பயந்துதான் ஓட்டினேன்.
மீதிப் பாதி
காதை நிமிர்த்திய நாய்போல் உட்கார்ந்திருந்தது.

பதினோரு நிமிடம்.
பிறகு வளைவுக்கு அப்பால் மாடுகள்.
சாம்பல் நிறத்தில் ஒன்று
பானெட்டை முகர்ந்து, சூடு பட்டுத் தலையை உதறியது.
இறங்கி நின்றேன்.
டிக் டிக்கென்று உலோகம் ஆறுகிற சத்தம்,
பிரேக் கருகிய வாசனை, கழுத்துமணி.
பதினோரு நிமிடத்துக்கு ஆறு நாள் முதுகுவலி.
கணக்கு எனக்கும் தெரியும்.

என் பிழைப்பு காது பார்ப்பது.
திங்கள் மதியம் வந்தவள் பியெரினா குஸ்மினி,
நெசவாலையில் முப்பத்திரண்டு வருடம்.
ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு
‘கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்’ என்றேன்.
தாழ்ந்த ஒலிக்கெல்லாம் அழுத்தினாள்.
ஆயிரத்தில் தயங்கினாள்.
அதற்குமேல்,
ஆரம்பித்துவிட்டாயா என்பதுபோல் என்னையே பார்த்தாள்.
காகிதத்தில் கோடு
கணவாயின் மறுபக்கமாகச் சரிந்தது.

‘குருவிகள் போயிற்று’ என்றாள்.
‘மருமகள் பாதி போயிற்று.
அதில் நஷ்டமில்லை.
காலையில் ஒரு கார் கிளம்பும்,
எங்கள் தெருவில்தான்.
அது மட்டும் ஜன்னலை அதிரவைத்து
நெஞ்சுக்கே வந்துவிடும்.
அப்புறம்தான் காபி போடுவேன்.’

யாருடையதென்று நான் சொல்லவில்லை.
‘அதற்குப் பிறகு, வேகத்தடைப் பக்கம்,
கிறீச்சென்று ஏதாவது?’
யோசித்தாள்.
‘அப்படி ஒன்றும் இல்லையே.’

செவ்வாய்.
வைப்பரில் சீட்டு. அதே அழகான கையெழுத்து.
மடித்துப் பையில் வைத்தேன்.
சாவியைத் திருப்பி
கியர் போடாமல் இருந்தேன்
ஒரு நிமிடம், கூடுதலாக.
காய்கறி வேன் முன்னால் போய்விட்டது.